சந்தேகத்தின் பலன் மருமகளுக்கு

பிப்ரவரி 3

வானத்தை முட்டும் ஓட்டலை ஒற்றைப் புருவத்தால் ஆண்ட மகாராணியும், தற்போது யாருக்கோ போர்வை துவைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படும் என் அக்கா மகளுமாகிய மருமகளுக்கு,

உன் தாய்மாமன், எரிந்த கிடங்குகளின் எமன், பொய் நஷ்டம் காட்டும் வியாபாரிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தவன், எழுதிக்கொள்வது.

நான் நலம். உன் அம்மா நலமில்லை. உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அவள் விடுகிற பெருமூச்சில் கொடியில் போட்ட துணி நிமிஷத்தில் காய்ந்துவிடுகிறது. தெருவில் போகிறவர்கள் புயல் எச்சரிக்கை என்று நினைத்து வீட்டுக்கு ஓடுகிறார்கள். அவள் வீட்டு மாடியில் குடியிருந்து, அவள் கையால் மூன்று வேளையும் சாப்பிடுகிற என் கதியை நீயே யோசித்துக்கொள்.

"ஊரெல்லாம் தீப்பிடிச்ச இடத்துக்கு ஓடிப்போய் முகர்ந்து பார்க்கிறே. நம்ம வீட்டுல பிடிச்சிருக்கிற தீ உன் மூக்குக்குத் தெரியலையா?" என்றாள் நேற்று. கேஸ் என் கைக்கு வந்துவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைக் கிளறியே தலை நரைத்தவன் நான். தானாகப் பிடித்த தீ எது, முதலாளியே வைத்த தீ எது என்று சாம்பலை நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் நீ வந்து, "கடற்கரையில் கட்டியிருக்கும் புது ஓட்டலுக்கு என்னைத் தலைமை மேனேஜர் ஆக்கினார்கள், வேண்டாமென்று விட்டுவிட்டு, கைவிடப்பட்ட நோயாளிகளைச் சிஸ்டர்கள் பராமரிக்கிற இல்லத்தில் ஆயுள் முழுக்கச் சேவை செய்யப் போகிறேன்" என்கிறாய். காரணம்? "கர்த்தர் அழைத்தார்." எந்த நம்பரிலிருந்து?

கோபப்படாதே. நாமும் கிறிஸ்தவர்கள்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில். உன் அம்மா சொல்கிறாள்: "காணிக்கை போடுறேன், ஜெபம் பண்றேன், சர்ச்சுக்குத் திரைச்சீலைகூட தைச்சுக் குடுத்தேன். பிள்ளையைக் கேட்டா எப்படி?"

ஆகவே நேரடியாகக் கேட்கிறேன். அங்கே யாராவது ஓர் ஆண்பிள்ளை இருக்கிறானா? ஓட்டலில் ஏதாவது தப்பு நடந்து தலைமறைவா? இல்லை, இல்லத்தை நடத்துகிற அந்தப் பெரிய சிஸ்டர் கண்ணை உருட்டி உன்னை மயக்கிவிட்டாரா?

போனில் சொல்லாதே. போனில் குரலுக்குப் பவுடர் பூசலாம். கையெழுத்துக்குப் பூச முடியாது.

உன்னை அங்கே நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளும் நாளில், குடும்பத்தில் ஒருவர் எழுந்து நின்று சம்மதம் சொல்லியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா இல்லை. அம்மா வரமாட்டாள். மிச்சம் இருப்பது நான் ஒருவன். என்னை ஏமாற்றிவிட்டு நீ மோட்சத்துக்குப் போக முடியாது, ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெருப்பும் அஞ்சும் உன் மாமா


பிப்ரவரி 14

மாமா,

அம்மாவின் பெருமூச்சைக் கொஞ்சம் இங்கே அனுப்பி வையுங்கள். எங்களுக்கு வெயில் போதவில்லை, துணி காயமாட்டேன் என்கிறது.

ஆண்பிள்ளை இல்லை. இங்கே இருக்கும் ஆண்களில் இளையவருக்கே பல் செட்டு. ஓட்டலில் எதுவும் திருடவில்லை. பெரிய சிஸ்டருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு, இன்னொன்றால் என்னை முறைப்பதோடு சரி. நான் வந்த அன்றே, "ஓட்டல் போரடிச்சுப் போச்சுன்னா வேற ஓட்டல் பாருங்க, இங்கே வராதீங்க" என்றார். உங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

காலையில் விரிப்புகளை உருவுவது, ஊறவைப்பது, துவைப்பது, பிழிவது, உலர்த்துவது, விரிப்பது. ஓட்டலில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் ஒரு பெண்ணின் வேலையே போகும். இங்கே விரிப்பில் இருப்பது சுருக்கமல்ல. வேண்டாம், சாப்பிட உட்காருமுன் இதைப் படிப்பீர்கள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்கு வருகிறவரிடம் யார், எந்த ஊர், ஏன் இப்படி ஆனீர்கள் என்று எதுவும் கேட்கமாட்டோம். வெந்நீர், மாற்றுத்துணி, கட்டில். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். சொல்லாவிட்டால் பெயரே தெரியாமல் அடக்கம் செய்ததும் உண்டு.

எனக்கு இங்கே பெரிய கஷ்டம் எது தெரியுமா? என் சிரிப்பு. பெண்கள் வார்டில் நடக்க முடியாத ஒரு அம்மா இருக்கிறார். எல்லோர் மேலும் தீர்ப்புச் சொல்வதால் ஜட்ஜம்மா என்று பெயர். முதல் நாளே, "இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இதுக்குப் பின்னாடியே பில்லு வரும். கழட்டி வெச்சிட்டு வா" என்றார். என்னால் முடியவில்லை, மாமா. கண்ணாடி முன் நின்று பழகிய சிரிப்பு. குளியலறை கழுவும்போதுகூட யாராவது எட்டிப் பார்த்தால் அதுவாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மார்ச் கடைசி ஞாயிறு அந்த நாள். பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 25

பரிசுத்தவதியே,

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சந்தேகம் குட்டி போட்டுவிட்டது.

யாரையும் எதுவும் கேட்காத இடமா? என் உத்தியோக வாழ்க்கையில் கேள்வி கேட்காத ஒரே ஆள் திருட்டுச் சரக்கு வாங்குகிறவன்தான். இது நிற்க.

போன வாரம் என் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உன் ஓட்டலுக்குப் போனேன். வாசலில் எனக்கு அடித்த சல்யூட்டில் ஜன்னல்கள் அதிர்ந்தன. வெளிநாட்டு மந்திரி வந்துவிட்டார் என்று நினைத்து லிஃப்ட் தானே கீழே இறங்கி வந்தது. வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் உன்னைப் பற்றி மெதுவாக விசாரித்தேன். அவள் உன் சிரிப்பையே சிரித்தாள், அச்சு அசலாக. "மேடம் லீவுலதான் இருக்காங்க சார். ஏப்ரல்ல வந்துடுவாங்க. அவங்க ரூம்ல ஒரு பேப்பரைக்கூட நாங்க நகர்த்தல."

லீவு!

மருமகளே, ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். தன் வீட்டுக்குத் தானே தீ வைக்கிறவன் எல்லாவற்றையும் எரித்துவிடுவான், குடும்பப் போட்டோவைத் தவிர. அதை முந்தின நாளே தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்திருப்பான். நான் எரிந்த இடத்துக்குப் போனதும் தேடுவது சாம்பலை அல்ல, சாம்பலில் இல்லாததை. அதை வைத்து எத்தனையோ பெரிய மனிதர்களைக் கம்பி எண்ண வைத்திருக்கிறேன்.

நீ எல்லாவற்றையும் எரித்துவிட்டதாக எழுதினாய். ராஜினாமா செய்யவே இல்லை. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசலில் தீ மூட்டியிருக்கிறாய்.

இன்னொன்று. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த ஓட்டலில் உனக்கு மேலே ஒரு மாடிதான் பாக்கி இருந்தது. அதைவிட உயரமான மாடி ஒன்று உன் கண்ணில் பட்டுவிட்டதோ? எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற மாடி? 'எவ்வளவு பெரிய வேலையை உதறிட்டு வந்திருக்கா பாரு' என்று சொல்லும்போது உள்ளே இனிக்கவில்லையா? கையெழுத்தில் பதில் சொல்.

கேஸ் மூடப்படவில்லை.

மாமா


மார்ச் 5

மாமா,

பிடித்துவிட்டீர்கள். லீவுதான். பயமாக இருந்தது. முடியாவிட்டால் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை. என்னிடமே மறைத்து வைத்திருந்தேன். பெரிய சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "உங்க மாமா இங்கே கணக்குப் பார்க்க வருவாரா?" என்று கேட்டார்.

மாடி விஷயம். இனிக்கவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுத முடியவில்லை. இனிக்கிறது, மாமா. வெளியிலிருந்து யாராவது வந்து, பெரிய சிஸ்டர் "இவங்க முன்னாடி ஓட்டல்ல..." என்று ஆரம்பித்தால் என் முதுகு தானாக நிமிர்கிறது. ஜட்ஜம்மா இதையும் கண்டுபிடித்துவிட்டார். போன வாரம் முதுகு தேய்த்துவிடும்போது, "நீ என்னைத் தேய்க்கலை. உன் கிரீடத்தைத் தேய்க்கிறே. வேற யாரையாவது அனுப்பு" என்றார். அனுப்பினேன். வெளியே வந்து தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டேன்.

அப்புறம் ஏன் இருக்கிறாய் என்பீர்கள். முதல் தடவை இங்கே வந்தது ஓட்டலின் பழைய விரிப்புகளைத் தானம் கொடுக்க, போட்டோகிராபரோடு. ஜட்ஜம்மா, "போட்டோ புடிச்சாச்சா? சரி, அந்தத் தண்ணியை எடு" என்றார். கை நடுங்குகிறவர், டம்ளரை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மெதுவாகக் குடித்தார். போட்டோகிராபர் காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் போகத் தோன்றவில்லை.

இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நடத்தும் வகுப்பில் அதை உதாரணமாகச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். அவர் கழுவி முடித்தபின் யாரிடமும் "எங்கள் சேவை எப்படி இருந்தது?" என்று கேட்கவில்லை என்பது அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. அவ்வளவுதான் என் அழைப்பு. வெளிச்சம் எதுவும் வரவில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம். நீங்கள் எனக்காக விசாரிக்கிறீர்களா, அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உங்கள் இடத்துக்காக விசாரிக்கிறீர்களா? நீங்களும் கையெழுத்தில் பதில் சொல்லுங்கள்.

மருமகள்


மார்ச் 16

அன்பு மருமகளுக்கு,

வீட்டு மாடியில், என் நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்குக் கடுமையான காய்ச்சல். தெர்மாமீட்டர் வெடித்துவிட்டது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆகவே அந்த ஞாயிறு வருவது கடினம். உன் கேள்விக்குப் பதில் எழுதும் நிலையிலும் இல்லை.

கேள்விப்பட்டேன், அங்கே விடியுமுன் மணி அடித்து மனிதர்களை எழுப்புகிறார்களாமே? சூப்பில் உப்பே கிடையாதாமே? மூன்றாவது மின்விசிறி ஓடும்போது கழுதை கத்துவதுபோல் சத்தம் வருமாமே? உடம்பைப் பார்த்துக்கொள்.

படுத்த படுக்கையாக,
மாமா


மார்ச் 18

ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில், திமிங்கலக் கேப்டன் அவர்களுக்கு,

கடிதத்துக்கு நன்றி. காவலாளியிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னீர்களாம். உறைமேல் இந்த இல்லத்தின் முகவரியே இருப்பதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆனால் அதற்கு முன்பே தெரியும். நேற்று சமையல்கார அண்ணன் துவைக்கிற இடத்துக்கு வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு வந்தார். "ஓட்டலம்மா, ஆண்கள் வார்டுல ஒருத்தர் வந்திருக்கார். முதல் நாள் கப்பல் கேப்டன்னாரு. கப்பலோட திமிங்கலம் முழுங்கிடுச்சாம், உள்ளே உக்காந்து சீட்டு விளையாடினாராம். மறுநாள் கேட்டா சர்க்கஸ்ல சிங்கத்துக்குப் பல்லு தேய்ச்சு விட்டவராம். இன்னிக்கு ஏதோ ராஜாவோட சட்டை அளவு எடுத்தவராம்."

"நீங்க கேட்டீங்களா?" என்றேன்.

"நாங்க யாரும் கேக்கலம்மா. அதுலதான் அவருக்குக் கோவம். பக்கத்துக் கட்டில் லாரி மெக்கானிக் தூங்குறவரை எழுப்பிச் சொல்றாரு."

இந்த உலகத்தில் இப்படிப் புளுக ஒரே ஆள்தான் உண்டு. போய் எட்டிப் பார்த்தேன். தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆதரவற்றவர் வேஷத்துக்குக் கிழிந்த சட்டை போட்டது சரி. அதை இஸ்திரி போட்டா போட்டுக்கொண்டு வருவது?

சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. நான் கூப்பிட்டேன், மாமா. வாசல் வழியாக வரச் சொன்னேன். நீங்கள் ஒளிந்து வந்தீர்கள். நேற்று மத்தியானம் காலில் புண்ணோடு ஒருவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அவரை வராந்தாவில் படுக்க வைத்திருக்கிறோம். உள்ளே கட்டில் இல்லை.

ராஜினாமாவைத் தபாலில் சேர்த்துவிட்டேன். உங்களுக்குக் காட்ட அல்ல. பின்கதவு திறந்திருந்தால் குளிர் அடிக்கிறது.

ஞாயிறன்று சம்மதம் கேட்பார்கள். நீங்கள் எழுந்து நிற்காவிட்டால் என்னை ஏற்கமாட்டார்கள். ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். இருப்பேன். ஆனாலும் என் மாமா நிற்க வேண்டும் என்று ஆசை.

மருமகள்


மார்ச் 19

மருமகளே,

இதை மெக்கானிக்கிடம் கொடுத்தனுப்புகிறேன். கட்டிலைக் காலி செய்துவிட்டேன். வராந்தாவில் இருந்தவரைக் கைத்தாங்கலாக நானே கூட்டிவந்து படுக்க வைத்தேன். அவர் யார் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், ரத்தம் வந்துவிட்டது. சரி, வரவில்லை.

முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் பரிசோதகனுக்குக் கழுவிவிட்ட தரைதான் காணக் கிடைக்கும். அதனால் ஒளிந்து வந்தேன். கல்லையும் கரையவைக்கும் மூன்று சோகக் கதைகளைத் தயாரித்துக்கொண்டு வந்தேன். வாசலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "வெந்நீர் சூடா இருக்கு, பார்த்து ஊத்திக்குங்க" என்றார். அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. மனிதன் ஒரு பொய்யை எவ்வளவு நேரம் வயிற்றில் வைத்திருப்பான்? வெடித்துத் திமிங்கலமாக வெளியே வந்துவிட்டது. உங்கள் பெரிய சிஸ்டர் ஒருநாள் என் கட்டிலருகே நின்றார். மடிப்பு கலையாத சட்டையை ஒரு கண்ணால் பார்த்தார். "இன்னும் ஒரு தலையணை வேணுமா?" என்றார். அப்போதே தெரிந்திருக்கும் அவருக்கு. என்னைவிடப் பயங்கரமான ஆள்.

ஜன்னலோரக் கட்டிலை நான் கேட்டு வாங்கியது காற்றுக்காக அல்ல. அங்கிருந்து துவைக்கிற முற்றம் தெரியும். உன்னைப் பார்த்தேன். வாளியின் பிடி கழன்று உன் காலில் தண்ணீர் கொட்டியது. நீ அந்த வாளியை எட்டி உதைத்தாய். அதைத் திட்டினாய், அதன் பரம்பரையையும் திட்டினாய். அப்போது பெண்கள் வார்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "ஏய் ஓட்டலு! நான் நனைஞ்சு கிடக்கிறேன், நீ வாளியோட சண்டை போடுறியா?"

"வர்றேன்ல! கத்தாதீங்க!" என்று கத்தினாய்.

"வரும்போது அந்த மூஞ்சியோடவே வா!" என்றது அந்தக் குரல்.

உர்ரென்று போனாய். நல்ல விரிப்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனாய். அந்த உர்ரென்ற முகத்தை நான் உன் பள்ளிக்கூட நாட்களுக்கப்புறம் பார்த்ததே இல்லை. ஓட்டலில் சேர்ந்தபின் உன் முகம் வரவேற்பு மேஜை மாதிரி ஆகிவிட்டது. பிறந்தநாளுக்கு நான் வாழ்த்துச் சொன்னால்கூட "மிக்க மகிழ்ச்சி" என்பாய்.

பொய்க் கேஸில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். உண்மையில் தீப்பிடித்தவன் உளறுவான், நகையை விட்டுவிட்டுத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருப்பான். நீ வாளியை உதைத்தது எனக்கு நூறு சாட்சிகளுக்குச் சமம்.

ஆனால் சம்மதம் வேறு விஷயம். இன்று உண்மையாக இருப்பது உன் தலை நரைக்கும்போதும் உண்மையாக இருக்குமா? யார் ஜாமீன்? உன் கேள்விக்குக் கையெழுத்தில் பதில்: ஆமாம், அந்தச் சாப்பாட்டு மேஜைக்காகவும்தான் வந்தேன். மனைவி போனபின் என்னைத் தட்டு வைத்துக் கூப்பிடுகிற ஒரே ஆள் உன் அம்மா. உன்னை அழைத்து வராமல் அந்த வீட்டு வாசல்படியை எப்படி மிதிப்பேன்?

பஸ் நிலையத்து லாட்ஜில் என் கோட்டு தொங்குகிறது, நானும் அங்கேயே போய்த் தங்குகிறேன். ஞாயிறு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாமா


மார்ச் 27

மாமா,

கோட்டு போட்டுக்கொண்டு வாசல் வழியாக வந்தீர்கள். பெரிய சிஸ்டர் கேட்டதும் எழுந்து நின்றீர்கள். நின்றுகொண்டே இருந்தீர்கள். மெக்கானிக் இரண்டு தடவை இருமிவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தையே ஆரம்பத்திலிருந்து சொல்லப் போகிறீர்கள் என்று பயந்தேன்.

"சம்மதம்" என்றீர்கள். முன்னால் ஒன்றுமில்லை, பின்னால் ஒன்றுமில்லை.

சாப்பிடாமலே போய்விட்டீர்கள். ஜட்ஜம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தோம். "ஒரு வார்த்தைதான் சொன்னான். ஆனா பத்து மூட்டை தூக்கினவன் மாதிரி உக்காந்தான்" என்றார். இதுவரை யாருக்கும் அவர் இவ்வளவு நல்ல தீர்ப்புக் கொடுத்ததில்லை.

அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? எங்கே சாப்பிடுகிறீர்கள்? உடனே எழுதுங்கள். எதையும் பெரிதாக்காமல் எழுதுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 6

மருமகளே,

பெரிதாக்காமல் எழுதுகிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனேன். உன் அம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தாள், நீ செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பாய் என்று. சொன்னேன்.

"கூட்டிட்டு வாடான்னு அனுப்பினா, குடுத்துட்டு வந்திருக்கே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பின் தட்டு மாடிப்படியில் வந்தது, மூடி வைத்து. அவள் முகம் வரவில்லை. முந்தாநாள் அவளே மேலே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆரம்பித்தாள் பார், என் சர்வீஸில் நான்கூட யாரையும் அப்படிக் குடைந்ததில்லை. எங்கே படுக்கிறாள்? தலைவலி வந்தால் யாரிடம் சொல்வாள்? கை எப்படி இருக்கிறது? கோபம் வந்தால் என்ன செய்கிறாள்?

எல்லாவற்றுக்கும் இருக்கிறபடி பதில் சொன்னேன். சின்ன அறை, இன்னும் மூன்று பேரோடு. கை வெடித்திருக்கிறது, மருந்து போடுகிறாள். கோபம் வந்தால் கத்துகிறாள். மெலிந்திருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஒரு திமிங்கலம்கூடச் சேர்க்கவில்லை.

அதுதான் தப்பாகிவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பிறந்ததுலேர்ந்து ஒரு விஷயத்தையாவது இருக்கிற அளவுல சொல்லியிருக்கியாடா நீ? இதை மட்டும் அளவா சொல்றே. அப்ப பெருசா எதையோ மறைக்கிறே. உன்னை நம்பிப் பிரயோஜனமில்லை. நானே போய்ப் பார்க்கிறேன்."

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். என்னைக் கூட வர வேண்டாம் என்றுவிட்டாள். நீ ஓட்டல் பயிற்சிக்குப் போகும்போது வாங்கிய பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். உன் துணிமணிகளை அதில் போட்டு உன்னைத் திருப்பிக் கூட்டி வரப் போகிறாளாம். அதற்காகக் காலியாகவே எடுத்துக்கொண்டு போகிறாளாம்.

இந்தக் கடிதத்தை நன்றாக ஒட்டி அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பஸ் ஊர் எல்லையைத் தாண்டுமுன் பிரித்திருப்பாள். ஆகையால் மிச்சத்தை அவளுக்கே எழுதுகிறேன்.

அக்கா, படித்தது போதும், மடித்து உள்ளே வை. பெட்டியை வாசலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாயே. நான்தான் தூக்கினேன். கனமாக இருந்தது.

தம்பி